விட்டுப் போனதா, கைவிட்டதா?
கண்டெடுத்த நாயை உரியவரிடம் ஒப்படைப்பது பற்றி

2007 ஆம் ஆண்டு பங்குனி மாதத்தில் படுவான்கரையில் செல்வீச்சுக் கடுமையானபோது பதுளை வீதி வழியாகவும் வாவியைக் கடந்தும் எழுவான்கரைக்கு வந்து சேர்ந்த குடும்பங்களை எமது வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். வாசகர்களிற் பலர் அக்குடும்பங்களைச் சேர்ந்தவர்களே. அந்நாட்களில் மட்டக்களப்பு மாவட்டத்தில் இடம்பெயர்ந்திருந்தோர் தொகை ஒரு இலட்சத்தைத் தாண்டியிருந்தது. மனிதர்களை எண்ணிப் பதிவு அட்டை கொடுத்தார்கள். உலருணவு அளந்து கொடுத்தார்கள். அவர்களுக்குப் பின்னால் ஓடிவந்த நாய்களையும், பின்தங்கிப்போன நாய்களையும் எவரும் எண்ணவில்லை.

அப்படி வந்த நாய்களில் ஒன்று வந்தாறுமூலையில் ஒரு வீட்டு வேலியோரம் படுத்துக்கொண்டது. செம்மண் நிறமான கடுவன் நாய். கழுத்தில் அறுந்த நைலோன் கயிற்றுத் துண்டு ஒன்று கிடந்தது. கயிறு தசைக்குள் இறங்கிய இடத்தில் புண், புண்ணில் புழு. வீட்டுக்கார அம்மா கயிற்றை வெட்டி எடுத்து, புண்ணைக் கழுவி, கற்பூரம் கரைத்த எண்ணெய் பூசி, ஒருநாளைக்கு ஒருநேரம் என்று சோறு போட்டார். தமது பிள்ளைகளுக்கே நிவாரண அரிசிதான் அப்போது. பிள்ளைகள் நாய்க்கு மணி என்று பெயர் வைத்தார்கள். இரண்டு மாதத்தில் புண் ஆறி மயிரும் முளைத்துவிட்டது.

ஆவணி மாதம் கரடியனாற்றுப் பக்கமிருந்து ஒரு கமக்காரர் சைக்கிளில் வந்தார். மீளக்குடியேறி மூன்று மாதமாகிறது, நாயைத் தேடி இது ஐந்தாவது ஊர் என்றார். நாயைக் கண்டதும் "செம்பன்" என்று கூப்பிட்டார். அது எழுந்து போனது.

அம்மா விடவில்லை. "கழுத்தில கயிறு இறங்கக் கட்டிப்போட்டுட்டு ஓடினவருக்கு இப்ப நாய் என்னத்துக்குத் தம்பி?" என்று கேட்டார்.

அவர் சொன்ன பதில் இது: "அக்கா, மாட்ட அவிட்டு விட்டன், கோழியத் திறந்து விட்டன். இவன மட்டுந்தான் கட்டினன். அவிட்டு விட்டா மெசினுக்குப் பின்னால ஓடிவந்து றோட்டில அடிபட்டுச் செத்துப்போவான் எண்டு பயந்துதான் கட்டினன். பின்னேரம் வந்து அவிப்பம் எண்டுதான் போனம்."

பின்னேரம் என்று நினைத்தது ஐந்து மாதமாகிவிட்டது. இடம்பெயர்ந்தவர் எவரைக் கேட்டாலும் இதே கதைதான். பானையில் சோற்றை மூடிவைத்துவிட்டு, கதவில் கொளுக்கியை மட்டும் போட்டுவிட்டு, நாளைக்கு வருவோம் என்றுதான் எல்லோரும் புறப்பட்டோம்.

அந்த அம்மா நியாயமில்லாமற் கேட்கவில்லை. புண்ணைக் கண்ணாற் கண்டவர் அவர். இவ்வாறான வழக்கு ஒன்று எங்கள் முன் வந்தால் நாம் என்ன சொல்வது? நாயின் நிலையைப் பார்த்து முன்னைய எசமான் கவனிப்பில்லாதவர் என்று முடிவு செய்து கொடுக்க மறுக்கலாமா? அல்லது எப்படி இருந்தாலும் அவருடைய நாய்தானே என்று கொடுத்துவிட வேண்டுமா?

மாடென்றால் இவ்வளவு சிக்கல் இல்லை. மாட்டுக்குக் குறி சுட்டிருக்கும்; காதில் வெட்டு இருக்கும்; 1958 ஆம் ஆண்டின் விலங்குகள் சட்டப்படி உரிமைச் சீட்டும் இருக்க வேண்டும். பட்டிக்காரர் குறியைக் காட்டினால் பேச்சு முடிந்தது. நாய்க்கு அப்படி எதுவும் இல்லை. நாய்களை ஆண்டுதோறும் பதிவு செய்ய வேண்டும் என்று 1901 ஆம் ஆண்டிலேயே கட்டளைச் சட்டம் ஒன்று வந்தது. பிரதேச சபையிற் போய் நாயைப் பதிந்த கமக்காரரை நாம் இன்னும் சந்திக்கவில்லை என்பதையும் சொல்லிவைக்கிறோம்.

ஆயினும் நாயும் சட்டத்தின் கண்ணில் ஒருவருக்குச் சொந்தமான பொருளே. எமது நாட்டின் 1883 ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை, கண்டெடுத்த பொருள் பற்றித் தெளிவாகவே பேசுகிறது. காப்பாற்றி உரியவரிடம் கொடுப்பதற்காக ஒரு பொருளை எடுத்து வைத்திருப்பவர் குற்றவாளி அல்ல. உரியவர் யாரென்று தெரிந்தும், அல்லது தேடிப்பார்க்க வழியிருந்தும் தேடாமல், தனதாக்கிக்கொள்பவரே குற்றவாளி. ஆகவே அந்த அம்மா நாயை வைத்திருந்த ஐந்து மாதமும் நல்ல காரியமே செய்தார். உரியவர் வந்து படலையில் நின்ற நிமிடத்திலிருந்துதான் அவர் யோசிக்க வேண்டியதாயிற்று.

சட்டம் இன்னொரு வேறுபாட்டையும் காட்டுகிறது. எமது பொதுச்சட்டத்திற் பெரும்பகுதி உரோமன் ஒல்லாந்தச் சட்டத்திலிருந்து வந்தது. அதன் பழைய நூல்களில் ஓர் உதாரணம் உண்டு. புயலில் அகப்பட்ட கப்பலை இலேசாக்குவதற்காகச் சரக்குகளைக் கடலில் எறிகிறார்கள். அவை கரையொதுங்குகின்றன. எடுத்தவருக்குச் சொந்தமா? இல்லை என்கிறது சட்டம். எறிந்தவர் அச்சரக்கு வேண்டாம் என்று எறியவில்லை. உயிர் தப்புவதற்காக எறிந்தார். வேண்டாம் என்ற மனதோடு விட்டால்தான் உரிமை போகும். வாவிக்கரை மக்களுக்கு இதை மேலும் விளக்கத் தேவையில்லை.

இணைச்சட்ட நூலின் 22 ஆம் அதிகாரமும் இதையே சொல்கிறது. வழிதவறிய மாட்டையோ ஆட்டையோ கண்டவர், உரியவர் அருகில் இல்லாவிட்டால், தன் வீட்டில் வைத்துக் காத்து, அவர் தேடி வரும்போது கொடுக்க வேண்டும். அவர் மாட்டை நன்றாகப் பார்ப்பவரா என்ற கேள்வி அங்கே எழவில்லை. ஏறாவூரில் எமது அயலவரான முஸ்லிம் மக்களின் மார்க்கச் சட்டத்தில், கண்டெடுத்த பொருளை ஓராண்டு அறிவித்துக் காக்கும் முறை இருக்கிறது.

இங்கே எமக்கே உறைக்கும் ஒரு விடயத்தைப் பேசாமல் விட முடியாது. நாம் இடம்பெயர்ந்திருந்த காலத்தில் எத்தனை பேரின் வயலை வேறொருவர் செய்தார்? எத்தனை பேரின் தென்னந்தோட்டத்துக்கு வேறொருவர் வேலி போட்டார்? திரும்பி வந்து கேட்டபோது, "நீங்கள் விட்டுட்டுப் போனீங்க, நாங்கள்தானே பார்த்தோம்" என்றார்கள். 1871 ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்து ஆண்டுகள் தடையின்றி ஆண்டனுபவித்தவர் தனியார் காணிக்கு உரிமை கேட்கலாம். போர்க்காலத்தில் காணிக்குப் போக முடியாதிருந்தவருக்கும் அதே பத்தாண்டுக் கணக்கா என்று நீண்டகாலம் கேட்டுக் கேட்டு, கடைசியில் 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தில் ஆயுதக் குழுக்களின் செயலால் தமது காணிக்காக நடவடிக்கை எடுக்க முடியாதிருந்தவர்களுக்கு அது ஒரு விலக்கை அளித்தது. (படையினரால் போக முடியாதிருந்தவர் என்ன செய்வது என்று அச்சட்டம் சொல்லாதது பெருங்குறை. அதை வேறொரு இதழில் எழுத வேண்டும்.) விட்டுப் போனதும் கைவிட்டதும் ஒன்றல்ல என்று எமது காணிக்காக வாதிடுகிறோம். படலையில் நிற்கும் அந்தக் கமக்காரர் நாய்க்காக அதே வாதத்தைத்தான் வைக்கிறார்.

கடல் கடந்த ஒரு வழக்கு

அமெரிக்காவிலும் இக்கேள்வி நீதிமன்றம் வரை போனது. 2005 ஓகஸ்ட் 29 ஆம் திகதி கத்ரினா என்ற சூறாவளி லூசியானா மாநிலத்தைத் தாக்கியது. எங்கள் மூத்தவர்கள் 1978 ஆம் ஆண்டுச் சூறாவளியை நினைத்துக்கொள்ளலாம். அங்கே காற்றோடு வெள்ளமும் சேர்ந்து நகரமே மூழ்கியது. மீட்புக்கு வந்த பல படகுகளிலும் பேருந்துகளிலும் நாய் பூனைகளை ஏற்ற இடம் கொடுக்கவில்லை. இரண்டு மூன்று நாளில் திரும்பலாம் என்று எண்ணி, தண்ணீரும் சாப்பாடும் வைத்துவிட்டு மக்கள் வெளியேறினார்கள். தொண்டர்கள் பல்லாயிரம் பிராணிகளை மீட்டார்கள். பல நாய்கள் தொலைதூர மாநிலங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டு வேறு குடும்பங்களுக்குக் கொடுக்கப்பட்டன.

அப்படி ஒரு பெரிய சென்ற் பேர்னாட் இன நாய் புளோரிடா மாநிலத்துக்குப் போனது. அங்கே அரச வழக்குத்தொடுநராக இருந்த பாம் பொண்டி என்பவர் அதை எடுத்து வளர்த்தார். லூசியானாவிலிருந்த குடும்பம் நாயைக் கண்டுபிடித்துக் கேட்டபோது அவர் கொடுக்க மறுத்தார். நாய் மெலிந்து நோயோடு வந்தது, இதயப் புழு பிடித்திருந்தது, முன்னைய வீட்டார் கவனிக்கவில்லை என்பது அவர் வாதம். குடும்பத்தார் ஏற்கவில்லை, வழக்கு வைத்தார்கள். 2007 இல் விசாரணை தொடங்குமுன் இணக்கத்துக்கு வந்து நாய் பழைய குடும்பத்திடம் திரும்பியது. பின்னர் அந்த அம்மையார் புளோரிடாவின் சட்டமா அதிபராகவும், 2025 இல் முழு அமெரிக்காவின் சட்டமா அதிபராகவும் வந்தார்.

இதிலே நாம் கவனிக்க வேண்டியது அந்த இதயப் புழு. அது நுளம்பு கடித்துப் பரவுவது. லூசியானா சதுப்பும் நுளம்பும் நிறைந்த நாடு. அங்கே நாய்க்கு அந்நோய் வருவது சாதாரணம். மாதாமாதம் மருந்து கொடுத்துத்தான் தடுக்க வேண்டும். மருந்துக்குக் காசு வேண்டும். ஆகவே நோயைக் கொண்டு மட்டும் வீட்டாரின் அன்பை அளக்க முடியாது. வசதியுள்ளவர் ஏழையின் நாயைப் பார்த்துச் சொல்லும் தீர்ப்பில் எவ்வளவு கவனிப்பின்மை, எவ்வளவு வறுமை என்று பிரித்தறிவது கடினம். கத்ரினாவுக்கு அடுத்த ஆண்டு, 2006 ஒக்ரோபரில், அனர்த்தத் திட்டங்களில் வீட்டுப் பிராணிகளை வெளியேற்றுவதற்கும் ஏற்பாடு இருக்க வேண்டும் என்று அந்நாடு சட்டம் இயற்றியது. எமது இடைத்தங்கல் முகாம்களில் அப்படி ஓர் ஏற்பாட்டை நாம் கண்டதில்லை.

நாயின் உடம்பை வாசிப்பது

எங்கள் பக்கத்து நாய் மெலிந்திருந்தால் அதற்குக் காரணம் பல. குடற்புழு முதற்காரணம். அடுத்தது, வீட்டில் எல்லோரும் அரைவயிறாக இருந்தால் நாயும் அரைவயிறுதான். மயிர் கொட்டிச் சொறி பிடிப்பது கண்ணுக்குத் தெரியாத உண்ணிகளால். ஒரு நாயிடமிருந்து இன்னொன்றுக்குத் தொற்றும். கால்நடை வைத்தியரிடம் கொண்டுபோனால் மாறக்கூடியது. உண்ணியும் தெள்ளும் இல்லாத நாயை வயற்காட்டில் எங்கே தேடுவது?

கழுத்து, இடுப்புக் காயங்களைத்தான் நிதானமாகப் பார்க்க வேண்டும். காட்டுப் பன்றிக்கு வைத்த கம்பிச் சுருக்கில் நாய் அகப்படுவது எங்கள் சேனைப் பக்கம் அடிக்கடி நடப்பது. இழுத்து அறுத்துக்கொண்டு வந்தால் இடுப்பைச் சுற்றியோ கழுத்தைச் சுற்றியோ வட்டமாக வெட்டிய காயம் இருக்கும். பார்ப்பவர் எசமான் கட்டியது என்பார். பன்றியின் கொம்பு கிழித்த தழும்பைக் கத்திவெட்டு என்பார். கட்டியிருந்த நாய் பயந்து துள்ளி இழுத்தாலும் கயிறு சில நாளில் உள்ளே இறங்கிவிடும். செம்பனுக்கு நடந்தது அதுதான் என்று நாம் எண்ணுகிறோம். இதற்கு மாறாக, குட்டியிற் போட்ட கயிற்றை நாய் வளர வளரத் தளர்த்தாமல் விட்டால், பழைய தழும்பின் மேல் புதிய புண்ணாக, தடித்த வளையமாக இருக்கும். அது ஒருநாளில் வந்ததல்ல. இடப்பெயர்வைக் காரணம் சொல்லவும் முடியாது. இந்த வேறுபாட்டைக் கால்நடை வைத்தியர் பார்த்தவுடன் சொல்வார்.

நாயின் நடத்தையை மட்டும் நம்பினால் ஏமாறலாம். கையை ஓங்கினால் பதுங்கும் நாயை, அடி வாங்கி வளர்ந்தது என்கிறோம். செல்லுக்கும் துப்பாக்கி வெடிக்கும் நடுவே கிடந்த நாய் தீபாவளி வெடிக்கும் பதுங்கும். அடித்த எசமானைக் கண்டும் வாலாட்டுகிற நாய்கள் உண்டு. நாயின் குணம் அப்படி. நாமும் இதிலே ஒரு தவறு செய்திருக்கிறோம். கடற்கோளின் பின், 2005 ஆம் ஆண்டு தொடக்கத்தில், ஒரு பெட்டை நாயை முதலில் வந்து கேட்டவரிடம் கொடுத்துவிட்டோம். நாய் வாலாட்டியதையே சாட்சியாக எடுத்தோம். இரண்டு கிழமைக்குப் பின் இன்னொரு குடும்பம் வந்தது. நாயைக் காணாமலே, வலக்காதின் நுனி பிய்ந்திருப்பதையும் அடிவயிற்றில் வெள்ளைப் புள்ளி இருப்பதையும் சொன்னார்கள். அவர்களின் பிள்ளைகளில் ஒன்றைக் கடல் கொண்டுபோயிருந்தது. அப்பிள்ளை வளர்த்த நாய் அது. முதலில் வந்தவர் எங்கே போனார் என்று நாம் விசாரித்துவைக்கவில்லை. அந்தத் தாய்க்குச் சொல்ல எம்மிடம் பதில் இருக்கவில்லை.

ஆகவே கேட்டு வருபவரிடம் நாயைக் காட்டுமுன் அடையாளங்களைக் கேளுங்கள். கண்டெடுத்தவர் ஓர் அடையாளத்தையாவது எவருக்கும் சொல்லாமல் வைத்திருப்பது நல்லது. பெயர், வயது, யார் வீட்டுக் குட்டி, எப்போது காணாமற் போனது, அன்று வீட்டில் என்ன நடந்தது என்று கேட்கலாம். கடைசிக் கேள்விக்கு வரும் பதிலிலேயே பெரும்பாலும் ஆள் தெரிந்துவிடும்.

கேட்டு வருபவருக்கு எல்லாம் தெரியாமலும் இருக்கலாம். 1990 ஆம் ஆண்டு வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழக வளாகமே அகதி முகாமாக இருந்தது. செப்டெம்பர் 5 ஆம் திகதி அங்கிருந்து 158 பேர் கொண்டுசெல்லப்பட்டார்கள்; அவர்கள் திரும்பவில்லை. அவ்வாறான வீடுகளிலிருந்து நாயைத் தேடி வருவது மனைவியாகவோ தாயாகவோ இருக்கும். மகன் காட்டுக்குக் கூட்டிப்போன நாயின் குணமெல்லாம் தாய்க்குத் தெரியாது. தடுமாறிப் பதில் சொன்னால் பொய் என்று முடிவு கட்டவேண்டாம்.

கொடுக்கக் கூடாத இடமும் உண்டு. பழைய தழும்பு, அயலவரின் வாக்குமூலம், கேட்பவரின் பேச்சு மூன்றும் ஒன்றையே சொன்னால் நாம் தயங்க வேண்டும். ஒருவர் வந்து, நாய் தேவையில்லை, குட்டி போட்டால் விற்கலாம் என்று வெளிப்படையாகவே சொன்னார். வெயிலில் குறுஞ்சங்கிலியில் கிடந்த நாய் அது என்று அயலவர் மூவர் சொன்னார்கள். கிராம சேவையாளர் முன்னிலையிற் பேசுவோம் என்றோம். அவர் அதன்பின் வரவில்லை. மிருகவதைத் தடைக் கட்டளைச் சட்டம் 1907 இலிருந்து இருக்கிறது. பட்டினி போடுவதும் அதன்படி குற்றமே. ஆனால் அதில் விதித்த ஆகக்கூடிய தண்டப்பணம் நூறு ரூபா. வெள்ளைக்காரன் காலத்தில் அது பெருந்தொகை. சட்டத்தை மட்டும் நம்பி நாயைக் காப்பாற்ற முடியாது; ஊரவர் கண்ணில் படும்படி காரியம் நடப்பதே பாதுகாப்பு. சந்தேகம் இருந்து, ஆனால் உறுதி இல்லையென்றால் கொடுக்கவே வேண்டும் என்பது எமது கருத்து. கொடுத்த பின் ஒரு மாதத்தில் போய்ப் பார்த்து வரலாம். போய்ப் பார்க்க வருவார்கள் என்று தெரிந்தாலே பலர் திருந்திவிடுவார்கள்.

செலவைக் கேட்கலாமா என்று சிலர் கூச்சத்தோடு கேட்கிறார்கள். மருந்துக்கும் ஊசிக்கும் தேவையான அளவு செலவழித்ததைக் கேட்பதில் தவறில்லை. சட்டமும் அதற்கு இடம் கொடுக்கிறது. சோற்றுக்குக் கணக்குப் பார்ப்பவரை நாம் எமது ஊரில் காணவில்லை.

இன்னொன்று. வந்துசேர்ந்த நாய் எதுவாயினும் முதலில் விசர்த் தடுப்பூசி போட வேண்டும். 1973 இல் இந்நாட்டில் 377 பேர் விசர்நாய்க்கடி நோயால் இறந்தார்கள். நாய்களுக்கு ஊசி போட்டுத்தான் அத்தொகை குறைந்தது. நோய் உடலிற் புகுந்து வெளிப்பட வாரக்கணக்கோ மாதக்கணக்கோ ஆகலாம். ஆகவே இன்று சுகமாகத் தெரிகிறது என்று விட்டுவிடக் கூடாது. கடித்தால் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவி, உடனே அரசாங்க வைத்தியசாலைக்குப் போக வேண்டும். நாயைக் கொன்றுவிடாமல் கட்டிவைத்துப் பதினான்கு நாள் கவனிக்க வேண்டும். நாயை ஒப்படைக்கும்போது ஊசி அட்டையையும் சேர்த்துக் கொடுங்கள். அடுத்த தடவை அதுவே அதன் உரிமைச் சீட்டாகவும் உதவும்.

கரடியனாற்றுக் கமக்காரர் முதல்நாள் வெறுங்கையோடுதான் திரும்பினார். இரண்டு கிழமை கழித்து மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் வந்தார். எம்மையும் அயலவர் இருவரையும் அம்மா கூப்பிட்டிருந்தார். கமக்காரரின் மனைவி, நாயின் பின்னங்காலில் ஆறாம் விரல் போல ஒரு நகம் தொங்கும் என்றார்; அம்மா யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்த அடையாளமும் அதுதான். அதன்பின் பேச எதுவும் இருக்கவில்லை. அம்மாவின் கடைசி மகன் மட்டும் கிணற்றடியில் போய் நின்றுகொண்டான், கூப்பிட்டும் வரவில்லை. அம்மா நாய் சாப்பிடும் அலுமினியத் தட்டையும், படுக்கும் சாக்கையும் சுருட்டிக் கொடுத்தார். "நைலோன் கயிறு போடாதீங்க தம்பி, அகலமான வாராப் போடுங்க" என்றார்.

முதல் நான்கு நாள் நாய் சாப்பிடவில்லை என்றும், பிறகு அந்தத் தட்டில் வைத்தபோது சாப்பிட்டது என்றும் செய்தி வந்தது. அடுத்த மாசி அறுவடை முடிந்ததும் கமக்காரர் ஒரு மூட்டை நெல்லோடு மெசினில் வந்தார். நாயும் பெட்டியில் இருந்தது, கழுத்தில் பழைய தோல் வாரொன்று. இறங்கியதும் அது வேலியோரம் தான் முன்பு படுத்த இடத்திலேயே போய்ப் படுத்துக்கொண்டது. போகும் நேரம் கூப்பிட்டபோது எழுந்து போய் மெசினில் ஏறியது.